பதினேழு பிரேம்கள்

3.6.2007, ஞாயிறு

திண்டிவனத்தில் வெயில் குறைவதாக இல்லை. விடைத்தாள் கட்டில் பாதி மிச்சம். நாற்பது பேரில் முப்பது பேர் குழியாடிக்கும் குவியாடிக்கும் ஒரே படத்தை வரைந்திருக்கிறார்கள்.

நான் கல்லூரிக்குப் போகும் நேரத்தில் அம்மாவைப் பார்த்துக்கொள்ளத்தான் ஜெயத்தை வைத்தது. ஞாயிற்றுக்கிழமையும் டிவிக்காக வந்துவிடுகிறாள். மதியம் இரண்டு மணிக்கு ஏதோ சேனலில் கறுப்பு வெள்ளைப் படம் போட்டாள். அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை, திரையில் நிழல்தான் தெரியும். ஆனால் எழுத்துப் போடும்போது வயலின் இரண்டு இழுப்பு இழுத்ததுமே டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள்.

“நிறுத்துடி அத.”

“இன்னா பெரியம்மா, பழைய படம்னா சோறே வாணாம்னுவீங்க?”

“நிறுத்துடின்றேன்! பரிமளா, நிறுத்தச் சொல்லு அவள!”

நிறுத்தினேன். நாற்பத்தொரு வருடமாக எங்கள் வீட்டில் அந்தப் படத்தின் பெயரைச் சொல்வதில்லை. இங்கேயும் எழுதவில்லை. பயமில்லை, பழக்கம்.

4.6.2007, திங்கள்

ஜெயம் விடவில்லை. பாத்திரம் தேய்த்துக்கொண்டே கேட்டாள், சொன்னேன்.

“எங்கப்பா அதுல பொணமா நடிச்சாரு.”

“யம்மாடி! அப்பறம்?”

“பதினோராம் நாள் நிஜமாவே செத்துட்டாரு.”

தேய்ப்பதை நிறுத்திவிட்டாள். இப்படி ஒரு முகத்தைப் பார்க்க வேண்டாம் என்றுதான் யாரிடமும் சொல்வதில்லை.

நடந்தது இவ்வளவுதான். 1966. மரக்காணம் கடற்கரையில் படம் எடுக்க வந்தார்கள். கதாநாயகியின் தகப்பனார் பிணமாகக் கிடக்கும் காட்சி. உயரமும் மீசையுமாக ஒருவர் வேண்டும் என்று ஊர் ஊராகத் தேடி, எங்கள் கொல்லை நிலத்தில் மல்லாட்டைப் பயிருக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்த அப்பாவைப் பிடித்தார்கள். சுற்றி உட்கார்ந்து அழ ஊர்ப் பெண்கள். அதில் அம்மாவும் ஒருத்தி. பதினோராம் நாள் அப்பா காவலுக்காகக் கொல்லையிலேயே படுத்திருந்தார். கட்டுவிரியன். விடியற்காலையில் பேச்சு மூச்சில்லை என்று தூக்கி வந்தார்கள், வைத்தியர் கை விரித்தார், மதியத்துக்குள் எடுத்துவிட்டார்கள்.

பாம்பு படம் பார்ப்பதில்லை. இதில் மர்மம் ஒன்றும் இல்லை.

எனக்கு எட்டு வயது. எனக்கென்று ஒரே ஒரு நினைவு இருக்கிறது. அப்பா கிடக்கிறார், மாலை, தாடையைச் சுற்றித் துணி, நெற்றியில் ஒட்டிய நாணயம். சுற்றிலும் அழுகை. கண் ஒரு கோடு அளவுக்குத் திறக்கிறது. இடது உதட்டோரம் மேலே போகிறது. என்னைப் பார்த்துத்தான். நாணயம் நழுவிக் காதருகே விழுகிறது, எடுத்து மறுபடியும் நெற்றியில் வைக்கிறேன்.

சாவு வீட்டில் “அப்பா சிரிச்சாரு” என்று பவானி அத்தையிடம் சொன்னேன். கன்னத்தில் ஒன்று வைத்தாள். “செத்தவங்க சிரிக்க மாட்டாங்கடி.” அப்புறம் நான் யாரிடமும் சொன்னதில்லை. அம்மாவுக்கே தெரியாது. அத்தையும் போய்ச் சேர்ந்தாள்.

பெரியவளான பிறகு நானே முடிவு செய்துகொண்டேன். அது படப்பிடிப்பில் பார்த்தது. அதே ஆட்கள், அதே அழுகை, அதே மாலை. எட்டு வயதுக் குழந்தை இரண்டையும் குழப்பிக்கொண்டது. நல்ல விளக்கம்.

9.6.2007, சனி

விடைத்தாள் ஒப்படைக்க விழுப்புரம் போனேன். பஸ் ஸ்டாண்ட் பக்கத்து சிடி கடையில் அந்தப் படம் இருந்தது. கேட்கும்போது பெயரை வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. கடைக்காரர் “என்ன படங்க?” என்று இரண்டு தரம் கேட்டார்.

ஏன் வாங்கினேன்?

10.6.2007, ஞாயிறு

ஜெயம் அம்மாவைக் கண் டாக்டரிடம் கூட்டிப் போயிருந்தாள். பட்டப்பகல், ஜன்னலெல்லாம் திறந்து வைத்துப் பார்த்தேன்.

முதல் தட்டில் ஐம்பத்திரண்டாவது நிமிடம். நாற்பது வினாடிதான் வருகிறது. கீற்றுப் பந்தல், கட்டில், அப்பா. என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். பின்னால் மார்பில் அடித்துக்கொள்ளும் பெண்களில் அம்மா. நடிப்பு மாதிரியே இல்லை. தூண் பக்கத்தில் கட்டம் போட்ட பாவாடையில் ஒரு சிறுமி, முகம் மங்கல். ஆனால் பாவாடை எனக்குத் தெரியும். என்னுடையது. அப்படியானால் நான் அங்கே இருந்திருக்கிறேன். உட்கார்ந்து மூச்சு விட்டேன்.

அப்பாவின் முகம் அருகில் வரும்போது வெட்டிக் கடலைக் காட்டிவிடுகிறார்கள். சிரிப்பு இல்லை.

இன்னொன்று. மாலை மெல்ல ஏறி இறங்குகிறது. மூச்சை அடக்க முடியவில்லை போலிருக்கிறது அவரால். இதையே ஏழெட்டு முறை திருப்பித் திருப்பிப் பார்த்தேன். செத்தவர் மூச்சு விடுவதைப் பார்க்க ஆசையாக இருந்தது.

14.6.2007, வியாழன்

கண்ணை மூடினால் மாலை ஏறி இறங்குகிறது.

20.6.2007, புதன்

கல்லூரி திறந்தாயிற்று. பாசஞ்சர் முக்கால் மணி நேரம் தாமதம்.

ஜெயம் சிடியைப் பார்த்து உளறியிருக்கிறாள். நான் வந்ததும் அம்மா கூப்பிட்டாள். கோபமில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

“அவரு மாட்டேன்னுதான் சொன்னாரு. நான்தான் வுடல. போய்ப் படுங்க, சினிமால வந்தவங்க சாவறதே இல்ல, நம்ம காலத்துக்கப்பறமும் ஓடிக்கினே இருப்பீங்கன்னேன். எனக்கு அந்தப் பொண்ண கிட்டத்துல பாக்கணும்னு ஆச. நடிகைய.”

“அதனால என்னம்மா?”

“பொணமா படுத்தவன் எழுந்து கேமராவப் பாத்து சிரிக்கணுமாம். அதையும் படம் புடிப்பாங்களாம். அப்பத்தான் தோஷம் போவும். எங்கள சோத்துக்கு அனுப்பிட்டாங்க, நான் பாக்கல. ராத்திரி கேட்டேன். வெளிச்சம் பூடுச்சி, எடுக்கலன்னாரு. சொல்லிட்டு ஒரு மாதிரி பாத்தாரு… எழுப்பாம வுட்டுட்டாங்கடி அவர. நான் படுக்கவெச்சேன். யாரும் எழுப்பல.”

எழுபத்தைந்து வயது. இந்த ஒன்றை நாற்பத்தொரு வருடம் தனியாகச் சுமந்திருக்கிறாள். தோஷம் கீஷம் ஒன்றும் கிடையாது என்று வகுப்பு எடுத்தேன். என் மாணவிகளைப் போலவே தலையாட்டினாள்.

இரவுச் சாப்பாடு வேண்டாம் என்றுவிட்டாள்.

21.6.2007, வியாழன்

எடுத்திருக்கிறார்கள், எடுத்துத்தான் இருக்க வேண்டும். இல்லையென்றால் நான் எதைப் பார்த்தேன்?

1989இல் ஸ்டாஃப் ரூமில் விலங்கியல் ராஜசேகர் சொன்னதை எழுதிவிடுகிறேன். எழுதினால் சின்னதாகிவிடும். கட்டுவிரியன் கடித்தால் உடம்பு முழுக்கச் செயலற்றுப்போகும். இமையைத் தூக்க முடியாது. மூச்சு இருப்பதே தெரியாது. “ஆனா உள்ள நினைவு இருக்கும் மேடம். சுத்தி நடக்கறதெல்லாம் கேக்கும். செத்துட்டாங்கன்னு முடிவு கட்டிடுவாங்க.” டிபன் பாக்ஸைத் திறந்தபடியே சொன்னார். நான் அன்று சாப்பிடவில்லை.

படப்பிடிப்பில் பார்த்ததென்றால் ஒன்றுமில்லை. சாவு வீட்டில் பார்த்ததென்றால்…

அந்தச் சிரிப்பு படச்சுருளில் இருக்க வேண்டும். அம்மாவுக்கும் அதுதான் வேண்டும், எனக்கும் அதுதான். காரணம்தான் வேறு.

1.7.2007, ஞாயிறு

ஜெயத்தின் சித்தப்பா விருத்தாசலம் விழுப்புரத்தில் ஒரு தியேட்டரில் முப்பது வருடம் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ரயில்வே காலனி தாண்டி வீடு. ஜெயமும் வந்தாள். பெயரைச் சொன்னதுமே மனிதர் சிரித்தார்.

“பொணம் சிரிச்ச படமா?”

நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

“மொத பிரிண்ட்டுல அந்தத் துண்டு ஒட்டிக்கினே வந்துடுச்சிங்க. எடிட்டிங்ல கவனிக்கல. கடல காட்டறதுக்கு முன்ன, ஒரு செகண்டுகூட இருக்காது, பொணம் கண்ணத் தொறந்து சிரிக்குது. டிக்கெட் வாங்கனவன்ல பாதி பேர் பாக்கவேயில்ல. பாத்தவன் அலறிட்டான். தர டிக்கெட்ல ஒரு பொம்பளைக்குச் சாமியே வந்துடுச்சி.”

“நீங்க என்ன பண்ணீங்க?”

“கம்பெனிலேர்ந்து தந்தி. வெட்டிடுன்னு. வெட்னேன். கீழ போட மனசு வரலிங்க. ஒரு மனுசன் சிரிக்கிறான், எப்படி கீழ போடறது?”

பிஸ்கட் டப்பா ஒன்றை எடுத்து வந்தார். திறந்ததும் காடி நெடி. பழைய படச்சுருள் கெட்டால் வரும் நெடிதான், அசிட்டிக் அமிலம். அதைச் சொல்லி என்னை நிதானப்படுத்திக்கொண்டேன். கட்டுக் கட்டாகத் துண்டுகள். அரை மணி நேரம் துழாவி ஒன்றை எடுத்தார். வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.

அப்பா.

பதினேழு பிரேம்கள். ஒரு வினாடிக்கு இருபத்துநான்கு என்றால் முக்கால் வினாடிக்கும் குறைவு. முதல் மூன்றில் கண் மூடியிருக்கிறது. அப்புறம் கண் முழுதாகத் திறந்து, பல் தெரிய, வாய்விட்டு. பக்கத்தில் சூடத் தட்டு பிடித்த ஒரு கை. வேறு யாரும் இல்லை.

ஜெயம் எட்டிப் பார்த்தாள். “கொள்ள அழகா இருக்காரே உங்கப்பா! நீங்க ஏன்க்கா இப்பிடி?”

மூன்று பேரும் சிரித்தோம். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

4.7.2007, புதன்

பெரிதாக்கித் தர ஸ்டூடியோவில் கொடுத்திருக்கிறேன். கொடுப்பதற்கு முன் பிலிம் துண்டை லென்ஸ் வைத்துத் திரும்பவும் பார்த்தேன்.

நெற்றியில் விபூதிப் பட்டை மட்டும்தான். நாணயம் இல்லை. தாடையில் துணியும் இல்லை. துணி இருந்தால் பல் தெரியச் சிரிக்க முடியாது.

நினைவு அப்படித்தான் கலந்துகொள்ளும். ஆராய்ச்சிகளே இருக்கின்றன.

8.7.2007, ஞாயிறு

படம் வந்துவிட்டது. வாசலில் நாற்காலி போட்டு, வெயில் படும்படி அம்மாவின் கண்ணுக்கு நேரே பிடித்தேன். பூதக்கண்ணாடி கொடுத்தேன். விரலால் மீசையைத் தொட்டாள்.

“எடுத்திருக்காங்க.”

“ஆமாம்மா.”

“படுபாவி! எங்கிட்ட எடுக்கலன்னானே! வெளையாட்டு. எல்லாத்துலயும் வெளையாட்டு அந்த மனுசனுக்கு!” திட்டத் தொடங்கியவள் அழுதாள், அப்புறம் சிரித்தாள். “எழுந்துட்டாருடி. நல்லபடியா சிரிச்சிக்கினு எழுந்துட்டாரு. நான் கொல்லல.”

ஜெயமும் அழுதாள். அம்மா கேப்பைக் களி கேட்டாள். இரண்டு உருண்டை சாப்பிட்டாள்.

சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள்: “நல்லவேள, அன்னிக்கி நீ இல்ல.”

“நான் இருந்தேனேம்மா. சிடியில பாத்தேன். தூண்கிட்ட, கட்டம் போட்ட பாவாட.”

“அது எதிர்வீட்டு இளவரசி. உன் பாவாடையப் போட்டுக்கினு வந்துச்சி, சினிமாவுக்குன்னு. உனக்குத்தான் அம்ம போட்டிருந்திச்சே. வானூர்ல அத்த வீட்ல வுட்டிருந்தோம். இல்லாட்டியும் கூட்டிப் போயிருக்க மாட்டேன். புள்ள தகப்பன அந்தக் கோலத்துல பாக்கலாமா? அவரு செத்த அன்னிக்கித்தான் உன்ன அத்த கூட்டியாந்தா.”

இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டாள். ஊற்றினேன். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. அது ஆச்சரியமாக இருந்தது.

9.7.2007, திங்கள்

லீவு போட்டேன்.

கழுத்தில் அம்மைத் தழும்பு இருக்கிறது. கண்ணாடியில் பார்த்தேன். எப்போதும் இருந்ததுதான்.

12.7.2007, வியாழன்

ராஜசேகரிடம் கேட்டேன். சாதாரணமாகக் கேட்கிற மாதிரி. கட்டுவிரியன் கடித்தவரால் சிரிக்க முடியுமா?

“சான்ஸே இல்ல மேடம். முகத் தசையே வேலை செய்யாது. எதுக்குக் கேக்கறீங்க?”

“ஒரு கதை படிச்சேன்.”

ரயிலில் வரும்போது யோசித்தேன். முடியாது என்றால் நான் பார்த்தது பொய். நல்லது. ஆனால் நான் பார்த்தது பல் தெரிந்த சிரிப்பில்லையே. கண் ஒரு கோடு. உதட்டின் ஒரு ஓரம். முடியாத ஒருவர் முடிந்த மட்டும் செய்தால் எவ்வளவு வருமோ அவ்வளவு. பதினோரு நாள் முன்னால்தான் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். சாகவில்லை என்று காட்ட வேண்டுமென்றால் என்ன செய்வது என்று.

ஐயோ, நான் என்னத்த எழுதிக்கினு இருக்கேன்?

நாணயத்தை எடுத்து மறுபடி வைத்தது இந்தக் கைதான்.

13.7.2007, வெள்ளி

நெற்றி குளிர்ந்திருக்கவில்லை. இது நினைவா, நேற்று நான் செய்துகொண்டதா?

19.8.2007, ஞாயிறு

அம்மாவுக்கு வலது கண் ஆபரேஷன் நன்றாக முடிந்தது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஜெயத்தை அதிகாரம் செய்கிறாள். அப்பாவின் படம் டிவிக்கு மேலே, சட்டம் போட்டு. பொட்டு வைக்க விடவில்லை, மாலை போடவும் விடவில்லை. “சிரிக்கிற மனுசனுக்கு எதுக்குடி மாலை?”

மதியம் அந்தப் படத்தைத் திரும்பவும் போட்டார்கள். அம்மாவே பெயரைச் சொல்லி, சத்தமாக வைக்கச் சொன்னாள். பந்தல் காட்சி வந்ததும் ஜெயத்தைக் கிள்ளினாள்.

“பாரு பாரு, மாலை ஏறி எறங்குது. ஒழுங்கா பொணமா படுக்கக்கூடத் தெரியல!”

“நீங்க மட்டும் இன்னா பெரியம்மா, இந்த அடி அடிக்கிறீங்க மார்ல?”

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் மாலையைப் பார்க்கவில்லை. நாற்பது வினாடியும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடல் வந்ததும் அம்மா பெருமூச்சு விட்டாள். “அவரு சிரிச்சத நேர்ல பாக்க நமக்குத்தான் குடுத்துவெக்கல, இல்லடி?”

“நான் பாத்தேம்மா.”

அம்மா சுவரிலிருக்கும் படத்தை நிமிர்ந்து பார்த்து, ஆமாம் என்று தலையாட்டினாள்.