எந்தப் பக்கம் இறங்குவீர்கள்?

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

நான் வேலை பார்க்கும் வார்டில் நோயாளியாக இருக்கும் ஒரு வாத்தியார் கட்டிலிலிருந்து விழுந்துவிட்டார். தாங்கப் போன நான் அவருக்கு மெத்தையானேன். இருவருக்கும் சிராய்ப்புதான், பயப்படாதீர்கள். ஒரு பக்கம் இறங்க வழி இருந்தும் மறுபக்கத்துத் தடுப்புக் கம்பியை ஏன் தாண்டினார் என்று எனக்கு மண்டை குடைந்தது. அவர் மனைவியைக் கேட்டேன்.

"வீட்ல அந்தப் பக்கந்தாம்மா எறங்குவாரு. இந்தப் பக்கம் நான் படுத்திருப்பேன்ல, தூக்கம் கலைஞ்சிரக் கூடாதாம்."

இப்போது புதிதாக வருகிற எல்லோரிடமும் அதைத்தான் முதலில் கேட்கிறேன். உங்களுடைய பக்கம் மட்டும் எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. மறக்காமல் எழுதுங்கள். விளக்கையும் அந்தப் பக்கமே வையுங்கள். டியூட்டிக்கு நேரமாகிவிட்டது, ஓடுகிறேன்.

அம்மா போன பிறகும் அதே பக்கம்தானா அப்பா?

உங்கள் மகள்