உப்பில் ஊறிய கடற்பஞ்சு

பேசாலை,
ஓகஸ்ட் 18

அன்புத் தங்கச்சி ஜெனுஷாவுக்கு,

மாதாவின் இரக்கத்தால் இங்கே எல்லோரும் சுகம். கண்டி மழையில் தடிமன் பிடிக்காமல் நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

நேற்று நீ போனில் அழுதழுது சிரித்ததில் பாதிதான் விளங்கியது. வலையில் ஏறியதென்று நான் அனுப்பிய கடற்பஞ்சின் சாறு கிருமியின் மேல்தோலைக் கிழித்துக் கொல்கிறது, மனித இரத்த அணுக்களைத் தொடவில்லை என்றாய். மூன்று வருஷமாக நீ எடுத்த சாறெல்லாம் இரண்டையும் சேர்த்தல்லவா கிழித்தது. உன் அத்தான் அமல்ராஜின் கால் புண் எந்த மருந்துக்கும் கேட்காமல் அவர் கண்ணை மூடியபின் நீ பிடித்த பிடிவாதம் பலித்துவிட்டது. சந்தோஷத்தில் கருவாட்டு வாடியில் எல்லோருக்கும் பிளேன்ரீ ஊற்றிக் கொடுத்தேன். அங்கே என்னோடு மீன் காயப்போடும் பிரேமிளா, "றோஸ்மேரியக்கான்ர தங்கச்சி மருந்து கண்டுபிடிச்சிட்டாவாம்" என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிகிறாள்.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பஞ்சு கிடைத்த உடனே ஐஸில் போடச் சொன்னாய். அன்று ஐஸ் கிடைக்கவில்லை. மீன் பழுதாகுமென்றால் என் கை உப்புக்குத்தான் போகும். இரண்டு நாள் உப்பில் வைத்து, பிறகு கழுவி ஐஸில் அடுக்கினேன். நீ கேட்டபோது, "ஓம், ஐஸிலதான் வைச்சனான்" என்று பொய் சொன்னேன். உன் கட்டுரையில் அந்தப் பொய் ஏறினால் உன் பெயரல்லவா கெடும்.

இதோடு உப்புக் காட்டாத புதுப்பஞ்சு வருகிறது. பழையது செல்லாதென்றால் இதில் திரும்பத் தொடங்கு. ஏசுவதென்றால் ஏசு. வேலையை மட்டும் விட்டுவிட்டு வராதே.

அன்புடன் அக்கா,
றோஸ்மேரி

கண்டி,
செப்டெம்பர் 9

அன்பின் அக்காவுக்கு,

கடிதத்தை வாசித்ததும் கோபம்தான் வந்தது. பிறகு எல்லாச் சோதனையையும் முதலிலிருந்து செய்தேன். புதுப்பஞ்சும் அதே வேலையைத்தான் செய்கிறது.

இன்னும் கேளுங்கோ. கிருமியைக் கிழிக்கும் இந்த வகைப் பொருள்கள் பெரும்பாலும் உப்புப் பட்டால் பலம் இழந்துவிடும். நம் உடம்பிலும் உப்பு இருப்பதால் பல மருந்துகள் அந்த இடத்திலேயே தோற்றுப்போகின்றன. உங்கள் கடிதம் வந்ததால்தான் இதை உப்புநீரிலும் வைத்துப் பார்த்தேன். கொஞ்சமும் பலம் குறையவில்லை. பேராசிரியர், "உங்கட அக்காவையும் இங்க கூட்டிக்கொண்டு வாங்கோ" என்கிறார்.

மருந்தாக இன்னும் பல வருஷம் செல்லும். கட்டுரை இந்த மாதம் போகிறது. நடந்ததை நடந்தபடியே எழுதி, உப்பிட்டவர் என்று உங்களையும் சேர்க்கிறேன். முழுப்பெயரை எழுதி அனுப்புங்கோ. அத்தானின் பெயரை விட்டுவிடாதேங்கோ அக்கா, அதுவும் அச்சில் வரவேண்டும்.

உங்கள் அன்புத் தங்கை,
ஜெனுஷா