நூல் ஏன் காற்றில் காய்கிறது?

கேள்வி கேட்டுக் கேட்டே எங்களை வளர்த்த என் அம்மாவுக்கு,

நீ கண்ணை மூடிய பிறகு நம் வீட்டில் கேள்வி கேட்க ஆளில்லாமல் போனது. சாயங்காலம் ராட்டைக்கு முன்னால் உட்கார்ந்து, தறிக்கு வேண்டிய ஊடை நூலைக் குச்சியில் தாராகச் சுற்றிக்கொண்டே, "இன்னைக்கு என்ன சாமி சொல்லிக் குடுத்தாங்க?" என்று தங்கச்சி மங்கையைக் கேட்பாயே. அந்தக் குரல் இல்லாத வீடு எனக்கு வீடாகவே தெரியவில்லை.

முனிசிபல் பள்ளிக்கூடத்தின் மேல் உனக்கு இருந்த ஆச்சரியம் இருக்கிறதே! மத்தியானச் சோறு போட ஆரம்பித்தபோது, "யாரு பெத்த புள்ளைக்கு யாரு சோறு போடறது? எதுக்காம்?" என்றாய். டாக்டர் வந்து பிள்ளைகளின் பல்லைப் பார்த்தார் என்றதும், "ஏன், மாட்டுச் சந்தைக்கா ஓட்டிட்டுப் போறாங்க?" என்று சிரித்தாய். அந்த டாக்டர்தான் மங்கைக்குக் கண் சரியில்லை என்று கண்டுபிடித்து, பெரியாஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். கண்ணாடி போட்டு வந்தவளை நீ தெருவெல்லாம் கூட்டிப்போய்க் காட்டினாய். ஆனால் அந்தப் பள்ளிக்கூடத்து வாசப்படியை மட்டும் நீ ஒருநாளும் மிதிக்கவில்லை. ஏன் அம்மா, கூச்சமா?

இப்போது சேதிக்கு வருகிறேன். உன் காரியம் முடிந்த கையோடு அப்பா சொல்லிவிட்டார்: "மங்கை படிச்சது போதும். தார் சுத்த ஆளில்லாம தறி நிக்குது." தறி நின்றால் அடுப்பும் நிற்கும், அதில் பொய்யில்லை. நானோ இளம்பிள்ளை ஊருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவள், இங்கேயே இருந்து சுற்ற முடியாது. "நீங்க சுத்துனா என்னங்கப்பா?" என்று கேட்டுவிட்டேன். நம் தெருவில் ஆம்பிள்ளை தறியில் உட்காருவான், ராட்டையில் உட்காரமாட்டான் என்பது உனக்குத் தெரியாததா? "ஊர் சிரிக்கறதுக்கா?" என்று எரிந்து விழுந்தார். என்னை அஞ்சாவதோடு நிறுத்தியதுபோல் இவளையும் நிறுத்தப்போகிறாரே!

மறுநாள் மங்கையின் பேரை எடுக்கப் பள்ளிக்கூடம் கிளம்பினார். நானும் கூடவே போனேன். "பெரிய டீச்சர் பாடம் எடுக்கறாங்க, மணியடிக்கட்டும்" என்று ஆயா ஒரு பெஞ்சைக் காட்டினாள். பக்கத்திலேயே மங்கையின் வகுப்பு. அவள் தலை நிமிரவேயில்லை. எதற்கு வந்திருக்கிறோம் என்று அவளுக்குத் தெரியும்.

"உங்க தெருவுல பாவு நூலை நீட்டிக் கட்டி, கஞ்சி போட்டுக் காய வைக்கறாங்கல்ல?" பெரிய டீச்சர் பிள்ளைகளைக் கேட்டுக்கொண்டிருந்தார். "வெயிலே இல்லாத நாள்லகூட, காத்தடிச்சா நூல் காஞ்சிடுது. அந்த ஈரம் எங்க போகுது?"

"நூலே குடிச்சிருதுங்க டீச்சர்" என்றாள் ஒருத்தி.

"அதெப்படிங்க குடிக்கும்?" என்று அப்பா பெஞ்சிலிருந்தே சொல்லிவிட்டார்! வகுப்பே கொல்லென்று சிரித்தது.

டீச்சர் எட்டிப் பார்த்தார். "அப்ப நீங்களே சொல்லுங்க, எங்க போகுது?"

அத்தனை வருசம் பாவு காய வைத்த மனுசர் தலையைச் சொறிந்தார். அதற்குள் மணியும் அடித்துவிட்டது. "நாளைக்கு யோசிச்சிட்டு வாங்க" என்று பிள்ளைகளை அனுப்பிவிட்டு, டீச்சர் எங்களிடம் வந்தார். "என்ன விசயமா வந்தீங்க?"

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். "ஒண்ணுமில்லீங்க. சும்மாதான்."

திரும்பும் வழியில் தெருமுனையில் நின்று என்னைக் கேட்டார்: "எங்கதான் போகுது அந்த ஈரம்?" எனக்கு எப்படித் தெரியும்? அஞ்சாவதில் அதைச் சொல்லித் தரவில்லையே. அதைச் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

காலையில் மங்கையிடம், "போயிட்டு வா சாமி. கேட்டுட்டு வா" என்றார். அப்புறம் உன் ராட்டையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தெருவில் இரண்டு பேர் நின்று சிரித்தார்கள். இவர் சுற்றிக்கொண்டே இருந்தார்.

இப்போது மங்கை எட்டாவது முடிக்கப் போகிறாள். ஈரம் எங்கே போகிறது என்று போகிற வருகிறவர்களை எல்லாம் நிறுத்தி அப்பா விளக்குகிறார். தார் மட்டும் இன்னும் தொளதொளவென்றுதான் சுற்றுகிறார். நீ சிரிக்காதே.

என் மகளையும் அதே பள்ளிக்கூடத்தில்தான் சேர்க்கப்போகிறேன், இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு. அவள் தாத்தா வீட்டில் இருந்து படிக்கட்டும். சாயங்காலம் அவளைக் கேட்க ஆள் இருக்கிறது. நேற்று ராட்டைச் சத்தத்துக்கு நடுவே மங்கையைக் கேட்கும் அதே கேள்வி என் காதில் விழுந்தது: "இன்னைக்கு என்ன சாமி சொல்லிக் குடுத்தாங்க?"

குரல் மட்டும்தான் அப்பாவுடையது, அம்மா.

அஞ்சாவதோடு நின்றாலும் உனக்குக் கடிதம் எழுதத் தெரிந்த,
உன் மூத்த மகள்