கண்ணுக்குள் ஒரு முடிச்சு

ஜூன் 3
வலது கண் போய் மூன்று வருஷம். இப்போது இடதிலும் அழுத்தம் ஏறிவிட்டது. சொட்டு மருந்துக்கு அடங்கவில்லை. உள்ளே சின்னக் குழாய் வைத்து நீரை வடிய விடப்போகிறார்கள். நீர் ஒரேயடியாக வடியாமலிருக்கக் குழாயை முதலில் நூலால் கட்டித்தான் வைப்பார்களாம். சில வாரத்தில் நூல் தானாகக் கரையும். அன்று அழுத்தம் மடமடவென்று இறங்கினால் கண்ணுக்குப் பின்னால் நீர் கோக்கும், ரத்தமும் கசியலாம்.

"யாருக்கு டாக்டர் அப்படி ஆகும்?"

"அழுத்தம் ரொம்ப ஏறினவங்க, கிட்டப்பார்வை அதிகமா இருக்கறவங்க, அதே கண்ணுல முன்னாடி ஆபரேஷன் ஆனவங்க, பிபி இருக்கறவங்க."

எல்லாமே நான்தான். சின்ன வயசிலிருந்தே சோடாபுட்டிக் கண்ணாடி வேறு. கேட்காமலே வந்திருக்கலாம்.

ஜூன் 9
ஆபரேஷன் முடிந்தது. குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது. கழிப்பறையில்கூட முக்கக் கூடாதாம். என் பியூட்டி பார்லரை நாத்தனார் பார்த்துக்கொள்கிறாள். "உங்களைச் சிரிக்க வைக்கக் கூடாதுன்னு அண்ணன் எனக்கு ஆர்டர் போட்டிருக்காரு அண்ணி," என்றாள். அதற்கே சிரிப்பு வந்தது. பயந்து அடக்கினேன்.

ஜூன் 27
எத்தனை வருஷமாக நூலை முறுக்கி ஊரார் புருவத்தையெல்லாம் எடுத்திருக்கிறேன்! நூல் என் பேச்சைக் கேட்கும். கண்ணுக்குள் இருக்கிற இது மட்டும் என்றைக்கு விடும் என்று சொல்லித் தொலைக்க மாட்டேன் என்கிறது.

ஜூலை 2
தும்மிவிட்டேன். தொலைந்தது என்று நினைத்தேன். ஒன்றும் ஆகவில்லை.

ஜூலை 16
எழுந்ததும் ஓரத்தில் கறுப்பாக ஒரு நிழல். சுவரைப் பார்த்தேன், ஜன்னலைப் பார்த்தேன் — கூடவே வருகிறது. ஐயோ, இதுவும் போச்சா? கத்தினேன். என் வீட்டுக்காரர் சட்டையைத் திருப்பிப் போட்டது தெரியாமலே வண்டியை எடுத்தார்.

"நூல் கரைஞ்சிடுச்சு," என்றார் டாக்டரம்மா. "அழுத்தம் ரொம்ப இறங்கி, பின்னாடி நீர் கோத்திருக்கு. ரத்தம் இல்ல. மருந்துலயே வடிஞ்சிடும்னு நம்புறேன்."

நம்புகிறாராம்!

ஜூலை 19
நிழல் இன்னும் பெருசாயிருக்கு. எழுத்து மேலயே எழுதறேனோ என்னவோ. முழுசா இருட்டிடுச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்? ஓயாம கிண்டல் பண்ற மனுஷன் இப்போ வாயே திறக்கறதில்ல. அதப் பாத்தாதான் எனக்கு இன்னும் பயமா இருக்கு.

ஜூலை 28
நிழல் கொஞ்சம் சுருங்கின மாதிரி இருக்கிறது. மாதிரிதான். யாரிடமும் மூச்சு விடவில்லை.

ஆகஸ்ட் 20
டாக்டரம்மா வேலைக்குப் போக அனுமதி கொடுத்துவிட்டார். பார்லருக்குப் போனேன். யார் புருவத்தைப் பணயம் வைப்பது? நாத்தனார் தானே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். "எடுங்க அண்ணி. கோணலா வந்தா என் மூஞ்சிதானே, நான் சுமந்துக்கறேன்."

நூலின் முனையைப் பல்லில் கடித்தேன். முதலில் நிதானமாக இழுத்தேன், பிறகு கை பழக்கத்தில் போனது. முடித்ததும் கண்ணாடியில் பார்த்தாள். "சூப்பரா இருக்கு அண்ணி."

பச்சைப் பொய். இடது புருவம் ஒரு மயிரிழை ஏறியிருந்தது. நான் நின்ற இடத்திலிருந்தே நன்றாகத் தெரிந்தது.

"பொய் சொல்லாம உட்காருடி," என்று மறுபடி நூலை எடுத்தேன்.