தகப்பன்மாருக்கும் ஒரு பூசை

இன்று பலெர்மோவின் பல்லரோச் சந்தையில் மீன்கடைக்காரர் இரும்புக் கதவைச் சடாரென்று இழுத்துச் சாத்தினார். கத்தரிக்காய்ப் பையோடு நான் சுவரோரம் ஒதுங்கிவிட்டேன். அந்தப் பயம் என்னுடையது இல்லை, உன்னுடையது. போன மாரியில் நீ கண்ணை மூடிய பிறகும் அது என்னிடம் தங்கிவிட்டது.

இங்கே நாம் ஒரே அறையில் இருந்த இவ்வளவு காலத்தில் நீ ஒருமுறைதான் முழுதாகச் சொன்னாய், வேலை செய்த வீட்டுச் சிஞ்ஞோராவின் உடுப்புகளை மடித்துக்கொண்டே. ஊரில் கம்பஸ் மண்டபத்தில் பாடம் நடந்துகொண்டிருக்கும்போது துவக்குகளோடு வந்தவர்கள் சுட்டார்கள். நீ பிந்திப் போனதால் கதவோரம் இருந்தாய், ஓடித் தப்பினாய். முன் வாங்கில் இருந்த மூன்று சிநேகிதிகளும் தப்பவில்லை. "எனக்கு இடம் பிடிச்சு வைச்சவளவை, அக்கா" என்றாய். அதோடு படிப்பு போயிற்று. பிறகு பஸ்ஸிலும் கோவிலிலும் நீ கதவோரம்தான் இருப்பாய்.

ஊரில் அந்தப் பெயர்களை உரக்கச் சொல்ல ஆட்கள் பயந்த காலம். இங்கேயாவது வருடத்தில் ஒருநாள் யாராவது சொல்ல வேண்டும் என்று தேவாலயத்தில் அவர்களுக்காகப் பூசை ஒப்புக்கொடுத்தாய். மூவரில் ஒருத்தி சைவம். அவளுக்கும் பூசையா என்று நான் கேட்டதற்கு, "அவள் நல்லூரானிட்டைச் சொல்லிப்போட்டு வருவாள்" என்று சிரித்தாய்.

முதல் வருடம் நம் வழக்கப்படி தகப்பன் பெயரை முன்னால் எழுதிக் கொடுத்தாய். பாதிரியார் அதுதான் ஆளின் பெயர் என்று நினைத்து, அதை மட்டும் வாசித்தார். அருளப்பு, சவிரிமுத்து, கந்தையா ஆகியோரின் ஆன்மா இளைப்பாற எல்லோரும் மன்றாடினார்கள். அந்தத் தகப்பன்மார் மூவரும் ஊரில் உயிரோடு இருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"பிள்ளையளின்ரை பேர் வரேல்லை, அக்கா" என்று நீ அழுதாய். திருத்தச் சொல்ல நான் எழும்பினேன். நீ என் கையைப் பிடித்தாய்.

"விடுங்கோ. அதுகளும் அண்டைக்கே செத்ததுகள்தான்."

அடுத்த வருடத்திலிருந்து பிள்ளையின் பெயரையும் தகப்பனின் பெயரையும் சேர்த்தே வாசிக்க வைத்தாய்.

நெஞ்சு வருத்தம் வந்து ஆஸ்பத்திரியில் நீ போனபோது, இடம்பெயர்ந்து கொழும்பில் இருந்த உன் அப்பாவுக்கு நான்தான் போனில் சொன்னேன். "ஓம் பிள்ளை, ஓம்" என்றார். பிறகு மூச்சு மட்டும்தான் கேட்டது.

நாளைக்கு அந்தப் பூசை. இம்முறை உன் பெயரையும் சேர்த்துக் கொடுத்தேன். இப்போதிருக்கும் பாதிரியார் புதியவர். உன் பெயருக்கு முன்னால் இருப்பது யார் என்று கேட்டார்.

"அவளுடைய அப்பா. உயிரோடு இருக்கிறார்" என்றேன்.

வெட்டிவிடப் பேனாவை எடுத்தார்.

"வேண்டாம் சுவாமி, அவரையும் வாசியுங்கள்" என்றேன்.