குழாயடிப் பக்கத்து மனை

தென்மருதூர்,
கீழ்வேளூர் வழி.
ஐப்பசி, 1973.

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு,

பொன்னுத்தாய் எழுதுவது. நானும் நம் மகள் தங்கமும் அத்தையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். அந்தமானில் நீங்களும் அப்படியே இருக்க வேண்டும் என்று நம் காளியம்மனையும் நாகூர் ஆண்டவரையும் ஒருசேரக் கும்பிட்டுக்கொண்டு இதைத் தொடங்குகிறேன்.

உங்கள் கடிதம் கிடைத்தது. அத்தைக்கும் வாசித்துக் காட்டினேன். கீழ்வேளூரில் ரயில் ஏறி, தஞ்சாவூரில் மாறி மெட்ராஸ் போக வேண்டும், கப்பல் புறப்படுவது தள்ளிப்போனால் ராயபுரத்தில் உங்கள் சிநேகிதர் வீட்டில் தங்க வேண்டும், அடித்தட்டில் ஏணிப்படிக்குப் பக்கமாக இடம் பிடித்தால்தான் காற்று வரும், குமட்டினால் நார்த்தங்காயை வாயில் அடக்கிக்கொள்ள வேண்டும், போர்ட்பிளேரில் இறங்கிச் சின்னக் கப்பலில் உங்கள் தீவுக்கு வர வேண்டும். எல்லாம் புரிந்தது. தங்கம் இப்போதே நார்த்தங்காயைத் தின்று தீர்க்கிறாள். கடலில் மீன் பறக்கிறது என்று எழுதியிருந்தீர்களே, அதை அத்தை நம்பவில்லை. “சின்னப் புள்ளையிலேருந்தே அவன் இப்படித்தான் அளப்பான்” என்று சொல்லிச் சிரித்தார்கள். உங்கள் தம்பி காத்தான் போன பிறகு அத்தை சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

வாய்க்கால் நிறையத் தண்ணீர் போகிறது. சம்பா நடவு முடிந்துவிட்டது. போன அறுவடையில் நாம் கேட்ட கூலியைப் பண்ணையார் இந்த நடவில் மறுபேச்சில்லாமல் கொடுத்தார். அப்போதே கொடுத்திருந்தால் காத்தான் இன்றைக்கு நம்மோடு இருந்திருப்பான்.

இன்னொரு சேதி. நம் குடிசை இருக்கும் மனைக்கு சர்க்கார் பட்டா கொடுத்துவிட்டது. சங்கத்து ரெத்தினம் அண்ணன் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். இனிமேல் கூரையைப் பிரித்துக்கொண்டு ஓடு என்று எந்தப் பண்ணையாரும் நம்மை விரட்ட முடியாது. நாங்கள் தீவுக்குப் போகப்போகிறோம் என்றதும் அண்ணனுக்கு முகம் வாடிவிட்டது. “இவ்வளவு அடிபட்டு வாங்கினத விட்டுட்டுப் போறியேம்மா. வீடு பூட்டிக் கெடந்தா நாளைக்கே வேலிய நகத்திப் போட்டுடுவாங்க” என்றார். அவர் சொல்வது நியாயம்தான். ஆனாலும் நான் வருவதாகத்தான் முடிவு செய்திருந்தேன். அத்தை கடலைத் தாண்ட மாட்டேன் என்கிறார்கள். கோடியக்கரையில் மகள் வீட்டில் இருந்துகொள்வார்களாம்.

இனிமேல் எழுதுவதைக் கோபப்படாமல் படியுங்கள். நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன். ஒருவர் கோபம் போதும்.

கப்பலைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிய நீங்கள், நாம் குடியிருக்கப் போகும் இடத்தைப் பற்றி நாலு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். அந்த நாலு வரியை எத்தனை தடவை படித்திருப்பேனோ தெரியாது. குடும்பத்தை அழைத்து வருகிறவர்கள் வீடு கட்டிக்கொள்ள மனை தருகிறார்கள், எந்த இடம் வேண்டும் என்று மேஸ்திரி உங்களிடம் கேட்டார். குழாயடிக்குப் பக்கத்தில், ஆயிஷா என்ற மலையாளத்து அம்மா வீட்டை ஒட்டி ஒரு மனை காலியாக இருந்தது. நீங்களோ தென்னந்தோப்பைத் தாண்டி, ஓடை ஓரம், கடைசியில் கிடக்கும் பள்ளத்தைக் கை காட்டியிருக்கிறீர்கள். ஏன் என்றால், குழாயடிக்கு எதிர் மனையில் திருக்காட்டுப்பள்ளி ஊர்த்தெருக்காரர் ரெங்கசாமி இருக்கிறார். ‘நம் பக்கத்து ஆள், அவருக்கு எதிரில் போய் நாம் எதற்கு, நமக்கு இதுதான் தோது’ என்று எழுதியிருக்கிறீர்கள்.

அந்த ரெங்கசாமி உங்களை ஒன்றும் கேட்டதாக நீங்கள் எழுதவில்லை. எந்தத் தெரு என்றுகூட அவர் கேட்கவில்லை. நீங்களாகவே ஒதுங்கிப் போயிருக்கிறீர்கள். இங்கே நம்மை ஊருக்கு வெளியே வைத்தது அவர்கள். அங்கே யார் வைத்தது மச்சான்?

பண்ணையார் ஆட்கள் காத்தானை வாய்க்கால் கரையில் போட்டு அடித்தபோது நீங்கள் கீழ்வேளூருக்குப் போயிருந்தீர்கள். பட்டப்பகல். நான் தொண்டை கிழியக் கத்தினேன். ஊருக்குள் நல்ல மனிதர்களும் இருக்கிறார்கள். மறுநாள் மதுரம் டீச்சர் அழுதுகொண்டே வந்து, “எனக்குக் கேக்கவே இல்லையே பொன்னு” என்றார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஊருக்கும் நமக்கும் நடுவில் அத்தனை வயல். கேட்டிருந்தால் ஒருவராவது ஓடி வந்திருப்பார் என்று நினைத்து நினைத்துத்தான் எனக்குத் தூக்கம் போகிறது. நீங்கள் மரம் அறுக்கக் காட்டுக்குள் போயிருக்கும்போது தங்கத்துக்கு ஒரு பூச்சி பொட்டு கடித்தால், அந்தப் பள்ளத்திலிருந்து நான் கத்துவது யாருக்குக் கேட்கும்?

அதனால் மேஸ்திரியிடம் போய் இடத்தை மாற்றித் தரச் சொல்லுங்கள். கேட்கக் கூச்சமாக இருந்தால், என் பெண்டாட்டி ஒரு ராங்கிக்காரி, அவள்தான் ஒற்றைக்காலில் நிற்கிறாள் என்று பழியை என் தலையில் போடுங்கள். ரெங்கசாமி முகம் சுளித்தால் சுளித்துவிட்டுப் போகட்டும். அவரும் நம்மைப் போல அடித்தட்டில் வாந்தி எடுத்துக்கொண்டு போனவர்தானே. வந்ததும் ஆயிஷா அம்மாவிடம் நானே போய்ப் பேசிக்கொள்கிறேன். மலையாளம் தெரியாவிட்டால் என்ன, தண்ணீர் பிடிக்கிற இடத்தில் பேச்சு தானாக வந்துவிடும்.

மாற்றியாகிவிட்டது என்று ஒரு வரி வந்தால் போதும். அடுத்த கப்பலுக்கு நானும் தங்கமும் மெட்ராசில் நிற்போம். பட்டா மனை என்ன ஆகிறதோ ஆகட்டும். மாற்ற மாட்டேன் என்றால் நான் இங்கேயே இருந்துகொள்கிறேன். உங்களைப் பார்க்காமல் இருப்பது எப்படி இருக்கிறது என்று எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் இருந்துகொள்வேன். கடலைத் தாண்டி வந்தும் ஒரு கடைசி வீட்டில் என் பெண்ணை வளர்க்க மாட்டேன்.

இந்தக் கடிதமும் கப்பலில்தான் வர வேண்டும். எப்போது வந்து சேருமோ தெரியாது. அதற்குள் அந்த மனையை வேறு யாரும் கேட்டுவிடக் கூடாது என்று தினமும் விளக்கேற்றிக் கும்பிடுகிறேன். உங்களுக்கு ஒரு குறையும் வராது. மழையில் நனையாதீர்கள். இதைப் படித்து முடித்ததும் சட்டையைப் போட்டுக்கொண்டு மேஸ்திரியிடம் போங்கள். போய்க் கேளுங்கள், மச்சான்.

என்றும் உங்கள்,
பொன்னுத்தாய்