சுடர் வெள்ளி என்று சொன்னது

12 செப்டம்பர் 2024, வியாழன்

காலையில் வாய்க்கால் வரை போனேன். தண்ணீர் வந்திருக்கிறது. பார்த்தேன், திரும்பினேன்.

என் மனைவி சுடர்விழி இறந்து ஆறு வாரம். கூத்தாநல்லூரில் அவள் நடத்திய பல் கிளினிக்கை இந்த மாதத்துக்குள் காலி செய்துகொடுக்க வேண்டும். நோயாளிகள் உட்காரும் நாற்காலியை ஒருவர் விலைக்கு வாங்கி வண்டியில் ஏற்றிப் போனார். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

மதியம் ரசியா பேகம் போன் செய்தார். கிளினிக்கில் டோக்கன் கொடுத்து, கூட்டித் துடைத்து, ஆரம்பத்திலிருந்து சுடருடன் இருந்தவர். அலமாரியில் இருப்பதை என்ன செய்வது என்று கேட்டார். "எது வேணுமோ எடுத்துக்கங்கம்மா" என்றேன். அப்புறம் ஏதோ ஒன்றைக் குறிப்பாகக் கேட்டார். அதற்கும் சரி என்றேன்.

15 செப்டம்பர், ஞாயிறு

சாப்பிட்டேனா? தட்டு கழுவி இருக்கிறது. சாப்பிட்டிருப்பேன்.

17 செப்டம்பர், செவ்வாய்

வானதி வந்திருந்தார். சுடருடன் படித்தவர், திருவாரூரில் பல் மருத்துவர். உட்கார்ந்ததும் கேட்டார்: "அமால்கம் டப்பா பத்திரமா இருக்கா அண்ணா?"

பல்லில் உள்ள பழைய அடைப்புகளைப் பெயர்த்து எடுக்கும்போது வரும் கறுத்த துணுக்குகள் அவை. வெள்ளியும் பாதரசமும் கலந்தது. ஏறக்குறைய பாதி பாதரசம். சுடர் அதைத் தண்ணீருக்குள் போட்டு, மூடியை இறுக்கி, கீழ்த்தட்டில் பூட்டி வைத்திருப்பாள். தொட்டியில் கொட்டினால் வாய்க்காலுக்குப் போகும். ஆஸ்பத்திரிக் கழிவு வண்டியின் மஞ்சள் பையிலும் போடக் கூடாது. அந்தப் பை எரிக்கப் போவது. அனுமதி வாங்கிய கம்பெனி ஒன்று சென்னையிலிருந்து வந்து எடுத்துக்கொள்ளுமாம்.

வகுப்பாக இருந்தால், வைக்கோலைக் கொளுத்தினால் புகை நம் வயலோடு நின்றுவிடுமா என்று பிள்ளைகளைக் கேட்டிருப்பேன். இன்று தலையை மட்டும் ஆட்டினேன். நாளை எடுத்து வருகிறேன் என்றேன்.

18 செப்டம்பர்

போகவில்லை.

19 செப்டம்பர், வியாழன்

கீழ்த்தட்டு காலி. பூட்டு திறந்து தொங்குகிறது. ரசியா பேகத்துக்குப் போன் செய்தேன்.

"அந்த டப்பாவா சார்? நீங்கதானே எடுத்துக்கங்கன்னீங்க. திருப்பித் திருப்பிக் கேட்டேனே."

"இப்ப எங்கம்மா இருக்கு?"

"தஹ்மீனாவுக்குக் கொலுசு செய்யலாம்னு மாப்பிள்ள அடுப்புல வச்சு உருக்கிப் பாத்தாரு. ஒண்ணும் தேறல. அப்பறம் பேசுறேன் சார். மூஸாவுக்கு நேத்துலேருந்து காய்ச்சல், மூச்சு வாங்குது. ஆஸ்பத்திரியில இருக்கோம்."

ஆட்டோ பிடித்துப் போனேன். மூஸா அவருடைய மருமகன், மகள் தஹ்மீனாவின் கணவன். அவர் வீட்டிலேயேதான் குடித்தனம். குவைத்திலிருந்து திரும்பி ஏசி ரிப்பேர் செய்கிறான். சளிக் காய்ச்சல் என்று மருந்து ஏறிக்கொண்டிருந்தது. டாக்டரிடம் சொன்னேன் — பாதரச ஆவி, மூடிய அறை. அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "இதை யாரும் சொல்லவே இல்லையே" என்றார். யாருக்குத் தெரியும், சொல்ல?

வராந்தாவில் ரசியா பேகம் தாழ்ந்த குரலில் பேசினார். "வெள்ளி அடைக்கட்டுமான்னுதானே சார் டாக்டரம்மா எல்லார்கிட்டயும் கேப்பாங்க? அதைப் பூட்டி வச்சு, தொடாதீங்க ரசியா, தொடாதீங்க ரசியான்னு சொல்லிக்கிட்டே இருப்பாங்க. இம்புட்டுப் பத்திரமா யாராச்சும் குப்பையை வைப்பாங்களா?"

தஹ்மீனா என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "சார் படிச்சவருல்ல உம்மா. எடுத்துக்கங்கன்னு விஷத்தைக் குடுப்பாருன்னு நமக்கு எப்படித் தெரியும்?"

பெண்கள் இருவரும் பொதக்குடிக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தபோது உருக்கியிருக்கிறான். காற்றில் அடுப்பு அணைகிறது என்று ஜன்னலைச் சாத்தியிருக்கிறான். இப்போதைக்கு வீட்டுக்குப் போகாதீர்கள், கூட்டிப் பெருக்காதீர்கள் என்றேன். நெல் அவிக்கும்போது ஆவி தெரியும், ஒதுங்கிக்கொள்கிறோம். இது தெரியாது, மணமும் கிடையாது, தங்கிவிடும் என்று விளக்கினேன். நன்றாகத்தான் விளக்கினேன். வகுப்பில் போல.

22 செப்டம்பர், ஞாயிறு

மூஸாவுக்கு இன்னும் ஆக்சிஜன் போகிறது. இரவு மோசமாக இருந்ததாம்.

வெளியே பெஞ்சில் இருந்தேன். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை, இருக்கவும் சொல்லவில்லை. அழுகை வருகிறதா என்று பார்த்தேன். இல்லை. சுடரை எடுத்துக்கொண்டு போன அன்றும் இல்லை. என்ன ஆச்சு எனக்கு? அந்தம்மா திருப்பித் திருப்பிக் கேட்டிருக்கு. காதுல விழவே இல்லையா? சரி சரின்னு — எதுக்கு சரின்னேன்?

26 செப்டம்பர், வியாழன்

ஆக்சிஜனை எடுத்துவிட்டார்கள். கஞ்சி குடித்தான்.

வானதி சொல்லி, சென்னை ஆட்கள் ரசியா பேகம் வீட்டுக்கு வந்தார்கள். மிச்சத் துணுக்குகள், வாணலி, அடுப்பு, தரையில் கிடந்த பாய் எல்லாவற்றையும் டிரம்மில் போட்டு மூடினார்கள். கருவி வைத்து அளந்தார்கள். அடுக்களையில் ஆவி இன்னும் இருக்கிறதாம். சுத்தம் செய்துவிட்டு, ஜன்னலைத் திறந்தே வைக்கச் சொன்னார்கள். அது போகும்வரை அக்கா வீட்டில் இருப்பதாக ரசியா பேகம் சொன்னார்.

6 அக்டோபர், ஞாயிறு

மூஸா டிஸ்சார்ஜ் ஆகிவிட்டான். நேற்று மறுபடி அளந்து பார்த்து, இனிமேல் புழங்கலாம் என்றார்கள். இன்று வீட்டுக்கு வந்தார்கள். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள்.

புது அடுப்பைப் பற்றவைக்காமல் தஹ்மீனா நின்றாள். "அவங்க சொன்னது இருக்கட்டும். நீங்க சொல்லுங்க சார். இங்க சமைக்கலாமா?"

"சமைக்கலாம்மா."

"அப்ப உள்ள வந்து உக்காருங்க."

அடுக்களைக்குள்ளேயே நாற்காலியைப் போட்டாள். டீ வைத்து, ஒரே ஒரு டம்ளரில் ஊற்றி என்னிடம் நீட்டினாள். "மொதல்ல நீங்க குடிங்க."

"ஏ, என்ன இது" என்றான் மூஸா, நிலைப்படியில் சாய்ந்துகொண்டு.

குடித்தேன். மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சர்க்கரை கூடுதல்மா" என்றேன்.

மூஸாவுக்குச் சிரிப்பு வந்து, இருமலாகி, நின்றது. தஹ்மீனா அலமாரியிலிருந்து இன்னும் மூன்று டம்ளர் எடுத்தாள்.